மதகு, வாய்க்கால், கடைமடை: இந்தியாவில் இணையம் பரவத் தொடங்கிய கதை

இந்தியாவுக்கு இணையம் எப்போது வந்தது என்று போட்டித் தேர்வுக்குப் படிக்கும் யாரையாவது கேளுங்கள். 1995 ஆகஸ்ட் 15 என்று பட்டென்று சொல்வார்கள். கையேட்டில் அப்படித்தான் இருக்கிறது, மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் அந்தத் தேதிக்கு ஆறு ஆண்டு முன்பே பம்பாயிலிருந்து அமெரிக்காவுக்கு மின்னஞ்சல் போய்க்கொண்டிருந்தது. அந்தத் தேதிக்குப் பத்து ஆண்டு கழித்தும் நம் ஊர்களில் பெரும்பாலான வீடுகளில் இணையம் இல்லை. அப்படியென்றால் அன்றைக்கு வந்தது எது?

காசு கொடுத்தால் பொதுமக்களும் வாங்கிக்கொள்ளலாம் என்ற நிலை வந்தது. அவ்வளவுதான். இணையம் துறைமுகத்தில் வந்து இறங்கும் சரக்கு இல்லை. அங்கங்கே இருக்கும் சின்னச் சின்ன நெட்வொர்க்குகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ஒப்புக்கொள்வதுதான் இணையம்.

ஏரிப்பாசனம் பார்த்தவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். ஏரி தளும்பினால் மட்டும் வயல் நனைந்துவிடாது. மதகைத் திறக்க வேண்டும். வாய்க்கால் தூர்வாரி இருக்க வேண்டும். மேல்மடைக்காரர் எடுத்ததுபோகக் கடைமடைக்கு ஏதாவது மிஞ்ச வேண்டும். இணையத்திலும் அப்படித்தான். வெளிநாட்டு நெட்வொர்க்குகளோடு நம்மைச் சேர்க்கும் இணைப்பு மதகு. ஊருக்கு ஊர் ஓடும் தடங்கள் வாய்க்கால். வீட்டுக்குள் நுழையும் கடைசிக் கம்பி கடைமடை. இவற்றில் எது குறுகலோ, அந்த அளவுக்குத்தான் மொத்த ஓட்டமும் இருக்கும். 1991 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 84 கோடியைத் தாண்டியிருந்த நாட்டில் இந்த அடைப்பு ஒரே இடத்தில் நிற்கவில்லை. ஓரிடத்தில் நீக்கினால் அடுத்த இடத்தில் முளைத்தது. எங்கெங்கே அடைத்தது, எப்படி நீங்கியது என்று பார்த்துக்கொண்டே போனால் இந்திய இணையத்தின் ஆரம்ப காலம் ஓரளவு பிடிபட்டுவிடும்.

எட்டு இடங்களுக்கு ஒரு மதகு

1986-ல் மத்திய அரசின் மின்னணுவியல் துறை, ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் நிதியுதவியோடு எர்நெட் என்ற திட்டத்தைத் தொடங்கியது. கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கான நெட்வொர்க் அது. தொடக்கத்தில் இருந்தவை எட்டே இடங்கள்: டெல்லி, பம்பாய், கான்பூர், கரக்பூர், மெட்ராஸ் ஆகிய ஐந்து ஐ.ஐ.டி.கள், பெங்களூரின் இந்திய அறிவியல் கழகம், பம்பாயின் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், பிறகு டெல்லியில் அந்தத் துறையின் அலுவலகம். பம்பாய் மையத்தைத் தலைமையேற்று நடத்தியவர் ஸ்ரீனிவாசன் ரமணி. 2014-ல் 'இன்டர்நெட் ஹால் ஆஃப் ஃபேம்' கௌரவம் பெற்றவர்.

முதலில் ஓடியது இன்று நாம் நினைக்கிற இணையம் இல்லை, தபால்பை மாதிரியான மின்னஞ்சல். பம்பாய் மையத்துக் கணினி ஐ.ஐ.டி. கணினிக்குத் தொலைபேசியில் டயல் செய்யும். சேர்ந்திருக்கும் கடிதங்களைக் கொட்டும், அங்கே சேர்ந்திருப்பதை அள்ளிக்கொள்ளும், போனை வைத்துவிடும். நீங்கள் 'அனுப்பு' என்று தட்டினாலும் அடுத்த டயல் வரை கடிதம் அங்கேயே காத்திருக்கும். எப்போதும் திறந்தே இருக்கும் இணைப்பு அப்போது பெரிய ஆடம்பரம்.

அந்த ஆடம்பரம் 1989-ல் கிடைத்தது. பம்பாயிலிருந்து அமெரிக்காவின் விர்ஜீனியா மாநிலத்தில் இருந்த யூயூநெட் என்ற நிறுவனத்துக்கு ஒரு குத்தகைத் தடம் போடப்பட்டது. அதே ஆண்டு, இந்திய முகவரிகளின் வாலில் இன்று நாம் பார்க்கும் '.இன்' குறியீடும் பதிவானது.

அந்தத் தடத்தின் வேகம் நொடிக்கு 9.6 கிலோபிட். அதாவது 9,600 பிட். கணினித் தகவலின் மிகச் சின்ன அலகுதான் பிட். ஓர் ஆங்கில எழுத்துக்கு எட்டு பிட் என்றால் நொடிக்கு 1,200 எழுத்து. கடிதத்துக்கு இது தாராளம். ஆனால் இன்று கைப்பேசியில் எடுக்கும் மூன்று மெகாபைட் புகைப்படம் ஒன்றை அதன் வழியே அனுப்பியிருந்தால்? மூன்று மெகாபைட் என்பது 2 கோடியே 40 லட்சம் பிட். வகுத்துப் பாருங்கள்: 2,500 நொடி, கிட்டத்தட்ட 42 நிமிடம். அதுவும் வேறு யாரும் அந்தத் தடத்தைத் தொடாமல் இருந்தால். உண்மையில் எர்நெட்டின் அத்தனை நிறுவனங்களின் வெளிநாட்டுக் கடிதங்களும் அந்த ஒற்றை மதகு வழியாகத்தான் போய் வந்தன. அன்றைய மின்னஞ்சல்கள் எல்லாம் ரத்தினச் சுருக்கமாக இருந்ததில் ஆச்சரியமே இல்லை.

இதே காலத்தில் அரசாங்கம் தனக்கென்று வேறொரு நெட்வொர்க்கை அமைத்துக்கொண்டது. தேசியத் தகவலியல் மையத்தின் நிக்நெட். இதற்கு அடித்தளம் போட்டவர் என். சேஷகிரி. மாவட்டத் தலைநகரங்களில் சிறிய டிஷ் ஆன்டெனாக்களை வைத்து, செயற்கைக்கோள் வழியாக டெல்லியோடு பேச வைத்தார்கள். கம்பி சரியில்லாத நாட்டில் வானத்தைப் பிடித்தது சாமர்த்தியமான யோசனை. மலையோ காடோ, எங்கே வேண்டுமானாலும் டிஷ்ஷை நட்டுவிடலாம்.

ஆனால் வானத்துக்கும் ஒரு விலை உண்டு. பூமியோடு சேர்ந்தே சுற்றும் செயற்கைக்கோள் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. செய்தி மேலே போய்க் கீழே வர 72,000 கிலோமீட்டர். ஒளியின் வேகத்திலேயே போனாலும் கால் நொடி ஆகிவிடும். பதில் திரும்பி வர இன்னொரு கால் நொடி. எந்தப் பொறியாளராலும் இதைக் குறைக்க முடியாது. கோப்பு அனுப்ப இது பிரச்சினை இல்லை. தட்டும் எழுத்து திரையில் தெரியவே அரை நொடி ஆனால் எரிச்சல் வரும்.

சுதந்திர தினத்தில் எங்கேஜ்ட் டோன்

இனி 1995 ஆகஸ்ட் 15-க்கு வருவோம். வெளிநாட்டுத் தொலைபேசி அழைப்புகளைக் கையில் வைத்திருந்த அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல்., அன்றைக்குப் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியது. தனிநபருக்கான அடிப்படைக் கணக்கு 250 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய். முழுத் தொகையையும் முன்கூட்டியே கட்ட வேண்டும். அன்றைக்குப் பலருடைய மாதச் சம்பளமே அவ்வளவு இருக்காது.

சரி, 5,000 ரூபாய்க்கு என்ன கிடைத்தது? வெறும் எழுத்து. 'ஷெல் கணக்கு' என்று அதற்குப் பெயர். உங்கள் கணினி நேரடியாக இணையத்தில் இருக்காது. இணையத்தில் இருக்கும் வி.எஸ்.என்.எல். கணினிக்கு உங்கள் கணினி ஒரு திரையாகவும் விசைப்பலகையாகவும் மட்டும் இருக்கும். படம் பார்க்க வேண்டுமென்றால் 15,000 ரூபாய்க் கணக்கு. மாணவர்களுக்கு 500 ரூபாயில் எழுத்து மட்டும் காட்டும் கணக்கு பிறகு வந்தது. அந்த மாணவர்கள் சும்மா இருப்பார்களா? எழுத்துக் கணக்கையே ஏமாற்றி, படம் காட்டும் கணக்குபோல நடக்க வைக்கும் மென்பொருள்களைத் தேடிப் பிடித்துவிட்டார்கள். இந்திய இணையத்தின் முதல் 'ஜுகாட்', அதாவது இருப்பதை வைத்துக் குறுக்குவழியில் சமாளிக்கும் வித்தை, அதுதான் என்பது என் எண்ணம்.

விலை ஒருபக்கம் இருக்கட்டும். பணம் கட்டியவர்களுக்கே முதல் வாரங்களில் லைன் கிடைக்கவில்லை. கணினியைத் தொலைபேசிக் கம்பியோடு சேர்க்கும் மோடம் டயல் செய்யும், எங்கேஜ்ட் டோன் வரும். கிடைத்தாலும் நடுவில் அறுந்துபோகும். தொடக்கத்தில் சொதப்பிவிட்டோம் என்று நிறுவனத்தின் அன்றைய தலைவர் பி.கே. சிங்கல் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். அரசு நிறுவனத் தலைவர் ஒருவர் அப்படிச் சொன்னது அன்றைக்கு அபூர்வம். இத்தனைக்கும் ஆறு மாதத்தில் சேர்ந்த பயனாளர்கள் சுமார் 10,000 பேர்தான்.

பத்தாயிரம் பேருக்கே ஏன் திணறியது? தொலைபேசி நெட்வொர்க் எதற்காகக் கட்டப்பட்டது என்று பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். ஓர் எக்ஸ்சேஞ்சில் ஆயிரம் பேருக்கு இணைப்பு கொடுத்திருந்தாலும் ஆயிரம் பேரும் ஒரே நேரத்தில் பேசுவதற்கான தடங்கள் அங்கே இருக்காது. எந்த நேரத்திலும் கொஞ்சம் பேர்தான் பேசுவார்கள், அவர்களும் சில நிமிடங்களில் வைத்துவிடுவார்கள் என்ற கணக்கில்தான் தடங்களைப் போடுவார்கள். கல்யாண வீட்டில் எண்ணூறு பேருக்கு அழைப்பு வைத்துவிட்டு, பந்திக்கு நூறு இலை போடுவது போல. சாப்பிட்டவர் எழுந்தால் அடுத்தவர் உட்காருவார். இணையக்காரர் என்ன செய்தார்? பந்தியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை.

தொலைபேசி அழைப்பில் இரண்டு முனைக்கும் நடுவில் ஒரு தடம் முழுசாக ஒதுக்கப்பட்டுவிடும். நீங்கள் பேசாமல் மௌனமாக இருந்தாலும் அது உங்களுக்கே. இணையம் நேர்மாறு. செய்தியைச் சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டி, முகவரி எழுதி அனுப்பிவிடும். ஒரே தடத்தில் நூறு பேருடைய பொட்டலங்கள் கலந்து போகும். ஒருவர் சும்மா இருக்கும் இடைவெளியை இன்னொருவர் பயன்படுத்திக்கொள்வார். டயல்-அப் என்பது, பகிர்ந்துகொள்வதற்காகப் பிறந்த இணையத்தை, பகிரத் தெரியாத தொலைபேசித் தடத்தின் முதுகில் ஏற்றிய ஏற்பாடு. கட்டணமும் இரண்டு பக்கம்: இணையத்துக்கு ஒன்று, போன் பில் தனியாக. போதாததற்கு அந்த நேரத்தில் வீட்டுக்கு அழைத்தவர்களுக்கெல்லாம் எங்கேஜ்ட் டோன்தான்.

அதற்கும் மேலே ஓர் உண்மை உண்டு. அன்றைய இந்தியாவில் நூறு பேருக்கு ஒரு போன் என்ற அளவில்தான் தொலைபேசியே இருந்தது. போனுக்குப் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த கதையை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். கடைமடைக்கு வாய்க்காலே வெட்டாத இடத்தில் மதகை எத்தனை அடி உயர்த்தி என்ன பயன்?

மஞ்சள் பலகைக் கடைகள்

கம்பி வீட்டுக்கு வராவிட்டால் என்ன, ஜனங்கள் கம்பி இருக்கும் இடத்துக்குப் போனார்கள்.

இதற்கான பழக்கத்தை எஸ்.டி.டி. பூத்துகள் ஏற்கெனவே உண்டாக்கியிருந்தன. எல்லோர் வீட்டுக்கும் போன் கொடுக்க முடியாத நாட்டில் எல்லோரும் நடந்துபோகும் தூரத்தில் ஒரு போனாவது இருக்கட்டும் என்ற யோசனையில் பிறந்தவை அவை. மஞ்சள் பலகை, கண்ணாடிக் கூண்டு, சிவப்பு எழுத்தில் ஓடும் மீட்டர். அதே கடைகளில் பலவும் 90களின் இறுதியில் நாலு கம்ப்யூட்டரை வாங்கிப் போட்டு பிரவுசிங் சென்டர் ஆகின. ஒரே டயல்-அப் இணைப்பை நாலு கம்ப்யூட்டரும் பங்கு போட்டுக்கொள்ளும். ஒருவர் படம் எதையாவது இறக்க ஆரம்பித்தால் மற்ற மூன்று பேரும் விட்டத்தைப் பார்க்க வேண்டியதுதான். பிளஸ் டூ ரிசல்ட் அன்றைக்கு எங்கள் ஊர் சென்டரில் நின்ற கூட்டம் இன்னும் நினைவில் இருக்கிறது. ஒரு பதிவெண்ணுக்கு வாசல் வரை வரிசை. கடைக்காரர் ஒரு நோட்டில் எல்லோருடைய எண்களையும் எழுதி வாங்கிக்கொண்டு, பக்கம் திறந்தபோதெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

இங்கே புதியவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 'சந்தாதாரர்' வேறு, 'பயனாளர்' வேறு. அந்தக் கடைக்காரர் பெயரில் இருந்தது ஒரு சந்தா. அன்று ஒரு நாளில் அதைப் பயன்படுத்தியவர்கள் நூற்றுக்கணக்கில். அதனால்தான் அந்தக் காலத்து இந்திய இணையப் புள்ளிவிவரங்களைப் படிக்கும்போது எந்தத் தலையை எண்ணினார்கள் என்று முதலில் கேட்க வேண்டும். அமெரிக்காவின் எண்களோடு அப்படியே ஒப்பிட்டால் கணக்கு தப்பிவிடும்.

மதகின் சாவி யார் கையில்?

1998 நவம்பரில் அரசு புதிய கொள்கையை அறிவித்தது. தனியார் நிறுவனங்களும் இணையச் சேவை தரலாம், எத்தனை பேர் வேண்டுமானாலும் வரலாம் என்றது. முதலில் களமிறங்கியது சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே, பின்னாளில் சிஃபி என்று பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனம். போட்டி வந்ததும் விலை இறங்கியது. இணைய மணி நேரங்கள் சிடி உறையில் வைத்துக் கடைகளில் விற்கப்பட்டன.

ஆனால் புதிதாக வந்தவர்களின் வெளிநாட்டுப் போக்குவரத்துக்கு மதகு இன்னமும் வி.எஸ்.என்.எல். கையில்தான் இருந்தது. போட்டியாளரிடமே தண்ணீர் வாங்கி விற்கும் நிலை. 2000-ல் தனியாரும் சொந்தமாகச் சர்வதேச இணைப்பு அமைத்துக்கொள்ள வழி பிறந்தது. 2002-ல் வி.எஸ்.என்.எல். டாடா குழுமத்தின் கைக்குப் போனது. அதே ஆண்டு பார்தி நிறுவனமும் சிங்டெல்லும் சேர்ந்து சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே கடலடியில் 'ஐ2ஐ' என்ற கண்ணாடியிழைக் கேபிளைப் போட்டன. அதற்குமுன் வெளிநாட்டுக் கேபிள்கள் பெரும்பாலும் மும்பையில்தான் கரையேறின. வங்கக் கடல் பக்கம் ஒரு பெரிய மதகு திறந்தது அப்போதுதான்.

மதகு அகலமானதும் வேறொரு வேடிக்கை கண்ணில் பட்டது. சென்னையில் ஒரு நிறுவனத்தின் இணைப்பு வைத்திருப்பவர், அதே தெருவில் வேறு நிறுவன இணைப்பு வைத்திருக்கும் நண்பருக்கு ஒரு கோப்பு அனுப்புகிறார். பொட்டலம் எந்த வழியாகப் போகும்? அந்த இரண்டு நிறுவனங்களும் இந்தியாவுக்குள் எங்கேயும் நேரடியாக இணைந்திருக்காவிட்டால், இருவருக்கும் பொதுவாக இணைப்பு இருக்கும் இடத்துக்குத்தான் அது போயாக வேண்டும். அந்த இடம் அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ இருந்தது. எதிர்வீட்டுக்குப் போக அமெரிக்கா போய்த் திரும்பி வந்தது பொட்டலம். போகவும் வரவும் வெளிநாட்டுத் தடத்துக்கு டாலரில் வாடகை.

நிக்ஸி என்ற தேசிய இணையச் சந்திப்பு அமைப்பை 2003-ல் உருவாக்கியது இதற்காகத்தான். நொய்டா, மும்பை, சென்னை, கொல்கத்தா ஆகிய இடங்களில் ஆளுக்கொரு கம்பியைக் கொண்டுவந்து ஒரே இடத்தில் செருகி, உள்ளூர்ப் போக்குவரத்தை உள்ளூரிலேயே பரிமாறிக்கொள்ளலாம். எளிமையான விஷயம்தான், ஊர்ப் பேருந்து நிலையம் மாதிரி. ஆனால் பெரிய நிறுவனங்களுக்குச் சின்ன நிறுவனங்களோடு ஓசியில் பரிமாறிக்கொள்வதில் அவ்வளவு ஆர்வம் இருப்பதில்லை. உலகம் முழுக்க இணையச் சந்திப்புகளில் நடக்கும் இழுபறி இது. தொழில்நுட்பத்தைவிட மனசு ஒத்துப்போவதுதான் இங்கே கஷ்டம்.

தாமிரக் கம்பியின் சொந்தக்காரர்

வெளிநாட்டுத் தடம் வந்தாயிற்று, உள்நாட்டுச் சந்திப்பும் வந்தாயிற்று. மிச்சம் கடைமடை. 2004-ல் வந்த பிராட்பேண்ட் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட்டும் அதற்கு மேலும் இருந்தால் அது பிராட்பேண்ட் என்றது. இன்றைக்குச் சிரிப்பாக இருக்கலாம். டயல்-அப்பின் 56 கிலோபிட்டில் உழன்றவர்களுக்கு அது பெரிய பாய்ச்சல். 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். தன் பிராட்பேண்ட் சேவையைத் தொடங்கியது. பழைய தொலைபேசிக் கம்பியேதான். குரலுக்குக் கம்பியின் அலைவரிசையில் கீழ்ப்பகுதி கொஞ்சமே போதும். சும்மா கிடந்த மேல்பகுதியில் இணையத்தை ஏற்றினார்கள். அதனால் பேசிக்கொண்டே பிரவுஸ் செய்ய முடிந்தது. ஒரே குறை, எக்ஸ்சேஞ்சிலிருந்து தூரம் கூடக்கூட வேகம் தேயும். கடைமடை இங்கேயும் கடைமடைதான்.

அந்தத் தாமிரக் கம்பியை மற்ற நிறுவனங்களும் வாடகைக்குப் பயன்படுத்த விட வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் பரிந்துரைத்தது. அரசு அதை ஏற்கவில்லை. என்னைக் கேட்டால், அது கைநழுவிய வாய்ப்பு. 2010-க்குள் 2 கோடி பிராட்பேண்ட் இணைப்புகள் என்பது கொள்கையின் இலக்கு. அந்த ஆண்டு முடியும்போது இருந்தவை சுமார் 1 கோடியே 10 லட்சம். கடைசியில் பெரும்பாலான இந்தியர்களுக்கு இணையம் கம்பி வழியாக வரவே இல்லை, கைப்பேசி வழியாக வந்தது. அது வேறு காலம், வேறு கதை.

வீராம்பட்டினத்து ஒலிபெருக்கி

எல்லோரும் நகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கிராமத்துப் பக்கம் நடந்த சில முயற்சிகள் எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்தவை. மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் சென்னை ஐ.ஐ.டி. குழு உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொலைபேசித் தொழில்நுட்பத்தை வைத்துக் கிராமங்களில் இணையக் கடைகள் திறந்தார்கள். அங்கிருந்தே கண் பரிசோதனைக்கான படங்களை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பிப் பார்த்தார்கள்.

புதுச்சேரியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் தொடங்கியது இன்னும் சுவாரசியம். வில்லியனூரில் ஒரு மையம், சுற்றியுள்ள கிராமங்களில் ஒவ்வொரு கம்ப்யூட்டர். போன் லைன் நம்ப முடியாத இடங்களில் வாக்கி-டாக்கி வகை ரேடியோ வழியாகத் தகவலை அனுப்பினார்கள். மீனவக் கிராமமான வீராம்பட்டினத்துக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: இன்றைக்குக் கடல் எப்படி இருக்கும்? அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் அலை உயர முன்னறிவிப்பு இலவசமாகக் கிடைத்தது. அதை மையத்தில் இறக்கி, தமிழில் எழுதி, கிராமத்துக்கு அனுப்பினார்கள். அங்கே அதைத் திரையில் காட்டவில்லை, ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். கரையில் வலை பின்னிக்கொண்டிருந்தவருக்கும் காதில் விழுந்தது. அவர் இணையப் பயனாளரா இல்லையா என்று எந்தக் கணக்கெடுப்பும் கேட்டிருக்காது.

இதே ஏற்பாடு நல்லவாடு என்ற பக்கத்து மீனவக் கிராமத்திலும் இருந்தது. 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அந்த ஊர் இளைஞர் ஒருவர் சுனாமிச் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு போன் செய்தார். ஊர்க்காரர்கள் தகவல் மையத்தின் கதவை உடைத்து உள்ளே போய், ஒலிபெருக்கியைப் போட்டு, எல்லோரும் மேட்டுக்கு ஓடுங்கள் என்று அறிவித்தார்கள். படகுகளும் வீடுகளும் போயின. அந்த ஊரின் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பிழைத்துக்கொண்டார்கள்.